தாசில்தார் கத்திய இரண்டு மத்தியானங்கள்

மாடு கன்றுகளுக்கெல்லாம் பிரியப்பட்ட என் அண்ணனுக்கு,

முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். தாசில்தார் இன்னும் சாகவில்லை. நீ பாளையம் சந்தையில் வாங்கி, சட்டைக்குள் வைத்துக்கொண்டு வந்தாயே, அதே வெள்ளைச் சீமைவாத்துதான். ஒரு கண் போய்விட்டது, நடையும் தள்ளாடுகிறது. ஆனாலும் படலைத் திறந்துகொண்டு யார் வந்தாலும் கழுத்தை நீட்டிப் போய்க் கணுக்காலைப் பரிசோதிக்கிற அதிகாரம் குறையவே இல்லை. தபால்காரர் இப்போதும் ரோட்டிலேயே நின்று மணியடித்துக் கடிதத்தை எறிந்துவிட்டுப் போகிறார்.

இனி கெட்ட சேதி. நீ என் கையில் அடித்து வாங்கிய சத்தியத்தை நான் உடைத்துவிட்டேன். பத்தொன்பது வருஷம் காப்பாற்றியதை, போன வெள்ளிக்கிழமை அடுக்களை வாசலில் நின்று உடைத்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே வரிசையில் உன் மகன் மணியன் நிற்கிறான். எந்த ஊசிக்கு வரிசை என்று உனக்கு நான் சொல்ல வேண்டுமா?

நெடுமங்காடு ரோட்டில் நம்முடைய ஒன்றரை ஏக்கர் அப்படியேதான் இருக்கிறது. சுற்றிலும் மரச்சீனிக் கிழங்கு போட்டவர்கள் எல்லாம் ரப்பருக்கு மாறிவிட்டார்கள். நாம் மட்டும் பாதி மரச்சீனி, பாதி புல். மழை விட்ட காலைகளில் பொன்முடி முன்னைப் போலவே தெரிகிறது. நான் இப்போதும் முதல் பஸ்ஸில் பால் கேன்களோடு கிழக்கேகோட்டைக்குப் போகிறேன். அக்கிரகாரத்து மாமி இப்போதும் கேனுக்குள் எட்டிப் பார்த்து, "ஜலம் கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கே சரசு" என்கிறாள். நானும் இப்போதும் "மழைக்காலம் இல்லையா மாமி" என்கிறேன்.

உன் காலத்து ஜீவன்களில் தாசில்தாரைத் தவிர யாரும் இல்லை. சொன்னதற்கெல்லாம் எதிர்வாதம் செய்த வக்கீல் ஆடு போய்ச் சேர்ந்தது. கன்னிமூலைச் சுவர்மேல் ஏறி நின்று நம்மைப் பார்த்துக் கத்துமே, ஞாபகமிருக்கிறதா? ரேஷன் கார்டின் ஒரு மூலையைத் தின்றதற்கு அதை நான் அடித்தபோது, கார்டை அங்கே வைத்த என்மேல்தான் குற்றம் என்று நீ அதற்காக வாதாடினாய். உன் கைக்கு மட்டும் பால் இறக்கிய அம்மிணியும் போய்விட்டாள். வேறு யார் மடியைத் தொட்டாலும் பாலை மேலே இழுத்துக்கொண்டு ஒன்றும் அறியாதவள் மாதிரி நிற்பாளே. அவளுடைய பேத்திகள் இரண்டு பேர் கறவையில் இருக்கிறார்கள். அவர்களுக்கும் அதே குணம், மணியன் கை வேண்டும்.

ரோசம்மாவைப் பற்றி எழுதாமல் மேலே போக முடியாது. தீவனம் கால்மணி நேரம் பிந்தினால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, பின்பக்கத்தை நமக்குக் காட்டி நிற்பாள். நீ போய்த் தாடையைத் தடவி, "தப்புதான் தாயே, மாப்பாக்கணும்" என்று சொன்னால்தான் திரும்புவாள். மாட்டிடம் மன்னிப்புக் கேட்கிற மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உன்னைக் கேலி செய்தே எனக்கு அந்த நாட்கள் போயின. புகுந்த வீடு சரியில்லாமல் ஒரே வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவளுக்குச் சிரிக்க அந்த ஒரு இடம்தான் இருந்தது.

உன் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரச்சீனி விளைகிற ஊரில் மாட்டுத் தொண்டையில் கிழங்கு சிக்குவது சாதாரணம். அக்கம்பக்கத்தில் எங்கே சிக்கினாலும் ஆள் அனுப்புவது உனக்குத்தான். முழங்கைவரை தேங்காயெண்ணெய் தடவிக்கொள்வாய். பல்லுக்கு நடுவே ஒரு கட்டையைக் கொடுத்து, நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, மற்றக் கையை உள்ளே விட்டு, இரண்டு விரலைக் கிழங்குக்குப் பின்னால் போட்டு இழுத்துவிடுவாய். கூலியாக ஒரு கடுஞ்சாயா. மாட்டு டாக்டர் வருவதற்குள் மாடு புல் தின்றுகொண்டிருக்கும். அதில் உனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு, மறைக்க வேண்டாம்.

அந்த மத்தியானம் தாசில்தார் கத்தியபோது நாம் இரண்டு பேரும் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தோம். மதினி பிரசவத்துக்கு நாகர்கோவில் போயிருந்தாள். தாசில்தார் கத்துவது புதிதில்லை. ஆனால் அன்றைக்கு அந்தச் சத்தம் நிற்கவே இல்லை. "போஸ்ட்மேனெ பாத்திருக்கும்" என்றாய் நீ. நான் எச்சில் கையோடு எழுந்து போய், அவனைக் கூடையால் மூடி, மேலே ஒரு கல்லையும் வைத்துவிட்டு வந்தேன். கூடைக்குள்ளும் கத்திக்கொண்டே இருந்தான். தொழுவத்துப் பக்கம் பத்து அடி எடுத்து வைத்திருந்தால், ஊரில் திரிந்ததாகப் பிறகு சொன்னார்களே, அந்த வெறிநரியைப் பார்த்திருப்பேன். ரோசம்மாவின் மூக்குத் தண்டில் இருந்த கீறலைச் சாயங்காலம்தான் பார்த்தோம். வேலி முள் என்று நினைத்து மஞ்சள் பத்துப் போட்டாய்.

ஒரு மாதம் ஒன்றும் இல்லை. பிறகு ரோசம்மா தீவனத்தைத் தொடவில்லை. வாயில் எச்சில் கயிறாக ஒழுகியது. கத்தினாள், ஆனால் அது அவள் குரல் இல்லை. தொண்டை அடைத்த மனுஷன் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. கிழங்குதான் என்று நீ சொன்னாய், நானும் சொன்னேன். நான்தான் கொம்புக் கயிற்றை இழுத்துப் பிடித்தேன். நீ கையை விட்டுத் துழாவித் துழாவிப் பார்த்தாய். ஒன்றும் அகப்படவில்லை. கையை வெளியே எடுத்தபோது முழங்கைக்குக் கீழே பல் கீறி ரத்தம் துளிர்த்திருந்தது. தீவனம் பிந்தியதற்குக் கூட முகம் திருப்புகிறவள், அன்றைக்கு நீ எத்தனை தடவை மாப்புக் கேட்டும் உன்னை அடையாளம் தெரியாதவளாக நின்றாள். மூன்றாம் நாள் செத்துப்போனாள்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டு உன் கையைத்தான் முதலில் கேட்டார். பேய்விஷம், வெறிநாய் கடித்தால் வருகிற அதே விஷம் என்றார், பதினாலு நாள் வயிற்றில் ஊசி என்றார். நீ போனாய். விடிவதற்கு முன்னே கறந்துவிட்டு, தம்பானூர் பஸ் பிடித்து, வரிசையில் நின்று, தொப்புளைச் சுற்றி வீங்கின வயிற்றோடு மத்தியானம் திரும்பி வருவாய். ஆறு நாள் போனாய்.

ஏழாம் நாள் அம்மிணிக்கு மடி கட்டிக்கொண்டது. நீ அவசரமாகக் கறந்ததில் பால் நின்றுவிட்டது. மடி கல்லாகிக் கிடந்தது. அக்கிரகாரத்தில் இரண்டு வீடு பால் வேறு இடத்தில் வாங்கப்போவதாகச் சொல்லிவிட்டார்கள். எனக்கு எரிச்சல். நான் சொன்ன வார்த்தை எனக்கு அட்சரம் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "ரெண்டு நாளு போவாண்டாம் அண்ணே. புண்ணு ஆறியாச்சுல்லா. ஊசி ஓடியா போவுது?"

நீ சிரித்தாய். "அதும் செரிதான்" என்று வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தொழுவத்துக்குப் போனாய். இரண்டு நாள் நான்காயிற்று. பிறகு அதைப் பற்றி நானும் பேசவில்லை, நீயும் பேசவில்லை. உனக்கு அந்த ஊசியைக் கண்டால் பயம் என்று எனக்குத் தெரியும். நான் ஒரு வாய் வார்த்தைக்கு "போ" என்று சொல்லியிருந்தால் போயிருப்பாய். ஏன் அண்ணா, உனக்கே தோன்றவில்லையா?

மணியன் பிறந்ததாகக் கடிதம் வந்த வாரம் உன் கை மரத்துப்போகத் தொடங்கியது. கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டால் தொண்டையைப் பிடித்துக்கொண்டாய். டம்ளரை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாய். நீ வளர்த்த மாட்டை நீயே பார்த்திருந்தாய், உனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. குழந்தையைக் கொண்டுவரக் கூடாது, மதினியும் வரக் கூடாது என்றாய். ஆஸ்பத்திரிக்குப் போகிற வண்டியில் ஏறுவதற்கு முன்னால், தள்ளி நின்றுகொண்டு, துண்டு சுற்றிய கையை நீட்டி என் கையில் அடித்தாய்.

"பதினாலும் போட்டாச்சுண்ணு சொல்லு, கேட்டியா? அவளுட்ட மட்டுமில்லெ, எல்லாருட்டயும். நீ தடுத்தேண்ணு தெரிஞ்சா ஒன்னெ இந்த வீட்டுல வச்சிருக்க மாட்டா. ஒனக்கு வேற எங்க எடம் இருக்கு? சத்தியம் பண்ணு சரசே."

பண்ணினேன். அதற்குப் பிறகு உன்னை நான் பார்க்கவில்லை.

மூன்று மாதக் குழந்தையோடு வந்து இறங்கிய மதினி, "முழுசும் போட்டாரா?" என்று என்னிடம் கேட்டாள். பதினாலும் போட்டார் என்றேன். விதி என்று அழுதாள். அதே வார்த்தையை ஊருக்கும் சொன்னேன். அந்தப் பொய்யால் நான் இந்த வீட்டில் பத்தொன்பது வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டேன். உன் மகன் என்னை "அத்தே" என்று கூப்பிட்டுக்கொண்டு வளர்ந்தான். அந்தப் பொய் தொழுவத்தில் ஒரு மூலையில் என்ன செய்துகொண்டிருந்தது என்று நான் யோசிக்கவே இல்லை.

மணியனுக்கு உன் கைதான். அதே நீளம், அதே எண்ணெய் மினுமினுப்பு. பதினாறு வயதில் எனக்குத் தெரியாமல் பக்கத்து வீட்டுப் பசுவுக்குக் கிழங்கு எடுத்துவிட்டு வந்தான். நான் விளக்குமாற்றைத் தூக்கினேன். "நூறு மாட்டுக்குக் கெழங்கு சிக்கும், ஒரு மாட்டுக்குத்தான் அந்த சீக்கு வரும் அத்தே" என்றான். கோபம் வந்தது. கூடவே, உன்னைத் திரும்பப் பார்த்த மாதிரிப் பெருமையும் வந்தது. பெருமை ஜெயித்தது. விளக்குமாற்றைக் கீழே போட்டேன்.

அப்புறம் ஒரு கிடாரி வளர்த்தோம். மந்திரியம்மா என்று பேர். யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டுவாள், ஒன்றும் செய்ய மாட்டாள், அதனால் மணியன் வைத்த பேர். சித்திரையில் ஒரு மத்தியானம் தாசில்தார் கத்தினான். கிழட்டுக் குரல், அடிக்கடி உடைந்தது, ஆனால் நிற்கவில்லை. வெளியே ஓடினேன். ரப்பர் மரங்களுக்கு நடுவில் ஒன்றும் தெரியவில்லை. மந்திரியம்மா மூக்கை நக்கிக்கொண்டு நின்றாள். கிட்டப் போய்ப் பார்த்தேன், ஒரு சின்னக் கோடு. "ஒத்தக் கண்ணனுக்குக் காத்து அசைஞ்சாலும் திருடன்தான்" என்று மணியன் சிரித்தான். நானும் சிரிக்கப் பார்த்தேன். அந்தக் கோட்டைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் பழசெல்லாம் கிளம்பும் என்று பயந்தேனா? இருக்கலாம் அண்ணா. இன்றைக்கு அதையும் சேர்த்தே எழுதிவிடுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கிழக்கேகோட்டையிலிருந்து திரும்பி, பஸ்ஸை விட்டு இறங்கும்போதே, ரோசம்மா கடைசியில் கத்தினாளே, அந்தக் குரல் தொழுவத்திலிருந்து கேட்டது. ரோட்டிலேயே கேனைப் போட்டுவிட்டு ஓடினேன். மணியன் கிணற்றடியில் முழங்கையில் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தான். "ஒண்ணும் அகப்படல்லெ அத்தே. கெழங்கு கீழ எறங்கிருக்கும் போல" என்றான். இடது கை ஆள்காட்டி விரலில் அடுத்த தோட்டத்துக்கு ரப்பர் வெட்டப் போனபோது கத்தி கீறிய புண் பிளந்து சிவப்பாக இருந்தது. தொழுவத்தில் மந்திரியம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

டாக்டர் மறுநாள் ஸ்கூட்டரில் வந்தார். இளைஞர். தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, "ஆரா கையிட்டது?" என்று கேட்டார். மணியன் கையைத் தூக்கினான். நாளைக்கே ஊசி தொடங்க வேண்டும், ஒரு நாள் கூடத் தள்ளக் கூடாது என்று மலையாளத்தில் இரண்டு தடவை சொன்னார்.

அவர் ஸ்கூட்டர் மறைந்ததும் உன் மகன் சாதாரணமாகச் சொன்னான்: "அப்பா பதினாலும் போட்டுட்டுத்தானே செத்தாரு. பின்னே எனக்கு மட்டும் என்னத்துக்கு அந்த வேதனெ? வாறது வரட்டும்."

என் பொய் அவன் வாயிலிருந்து வந்தது. மதினி அழுதாள், ஆனால் அவளும் போ என்று சொல்லவில்லை. அவளுக்கும் அந்த ஊசியில் நம்பிக்கை போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறதே. கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "இப்பத்த மருந்து நல்ல மருந்தாக்கும் மக்கா" என்று முணுமுணுத்தேன். அவன் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. புதன் போயிற்று, வியாழன் போயிற்று. வாயைத் திறக்கப் போவேன், உன் துண்டு சுற்றிய கை ஞாபகம் வரும். அது மட்டும்தானா? இல்லை. ஐம்பதை நெருங்குகிற வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கே போவேன் என்கிற பயமும்தான். இரண்டு நாள், அண்ணா. அவனுடைய இரண்டு நாட்களை நான் தின்றேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மந்திரியம்மா செத்துப்போனாள். சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தான். கை கழுவிவிட்டு வந்தவன், எதையோ நினைத்தவனாக, "ஒருக்கா போய்ப் பாக்கட்டா அம்மா?" என்று கேட்டான். அவனுக்கும் உள்ளே பயம்தான். மதினி அரிசி களைந்துகொண்டிருந்தாள். தலை நிமிராமலே சொன்னாள்.

"நாளைக்குக் கறவைக்கு ஆரு இருக்கா? மாடு ரெண்டும் ஒன் கைக்கல்லாம எறக்காது. திங்கக்கெழமெ பாக்கலாம். ஊசி ஓடியா போவுது?"

அவள் அதை என்னிடமிருந்து கேட்டிருக்க முடியாது. நான் சொன்னபோது அவள் இந்த வீட்டிலேயே இல்லை. நம்மைப் போல மாடு வைத்துப் பிழைக்கிற எவளும் சொல்கிற வார்த்தைதான். நான் அடுக்களை வாசலுக்கு வந்து நின்றேன்.

"அண்ணன் ஆறுதான் போட்டான்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். அம்மிணியின் மடி, அக்கிரகாரத்துப் பால், நான் சொன்ன வார்த்தை, நீ வாங்கிய சத்தியம். ஊசி தோற்கவில்லை, நான்தான் போகவிடவில்லை என்றேன். மதினி கையிலிருந்த அரிசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "பத்தொம்பது வருஷமா ஒனக்க கையால வாங்கித் தின்னேனே" என்றாள். கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

மணியன் உள்ளே போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். படலைத் திறந்து ரோட்டுக்கு நடந்தான். நான் பின்னாலேயே போனேன். தாசில்தார் எங்கள் இரண்டு பேரையும் கடிக்காமல் விட்டது அன்றைக்குத்தான்.

இன்றைக்கு ஐந்தாவது ஊசி. மதினி கறக்கிறாள், மாடுகள் பாலை இழுத்துக்கொள்கின்றன. ஒன்றுக்கு மடி வீங்கத் தொடங்கியிருக்கிறது. வீங்கட்டும் என்று மதினியே சொன்னாள். என்னிடம் சொல்லவில்லை, மாட்டிடம் சொன்னாள். எனக்கு வைக்கிற சோற்றை இப்போது அடுக்களை வாசலில் மூடி வைத்துவிட்டுப் போகிறாள். போகச் சொல்லவில்லை. சொன்னால் போவேன், பதினாலுக்குப் பிறகு.

முதல் நான்கு நாளும் மணியன் பஸ்ஸில் எனக்குத் தள்ளியே உட்கார்ந்தான். இன்றைக்குத் தம்பானூரில் இறங்கி நடக்கும்போது, என்னைப் பார்க்காமல் கேட்டான்.

"அப்பா அந்த ஆறு நாளும் வந்தாருல்லா, கூட நீ வந்தியா?"

"இல்லெ மக்கா. அவன் தனியாத்தான் போனான்."

அவன் கொஞ்ச தூரம் நடந்தான். பிறகு ரோடு தாண்டும் இடத்தில் நின்று, நான் வந்து சேரும்வரை காத்திருந்தான். அவ்வளவுதான். அத்தே என்று கூப்பிடவில்லை.

பிந்திய அந்த நாட்களுக்கு என்ன விலை என்று யாருக்கும் தெரியாது. டாக்டரைக் கேட்டேன், அவரும் சொல்லவில்லை. மழைக்காலம் முடியும்வரை அவன் தண்ணீர் குடிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் அவன் தொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். நேற்றுக் கிணற்றடியில் ஒரு செம்பு தண்ணீரை அண்ணாந்து மடக்மடக்கென்று குடித்தான். அவன் செம்பைக் கீழே வைக்கும்வரை நான் அங்கேயே நின்றேன்.

பழைய சத்தியத்தைத் திருப்பித் தந்துவிட்டேன், புதிதாக ஒன்றை வைத்துக்கொள். மடி கட்டினாலும், பால் நின்றாலும், மதினி என்னைப் படிக்கு வெளியே நிறுத்தினாலும், இன்னும் ஒன்பது நாள் இதே பெஞ்சில் நான் உட்கார்ந்திருப்பேன். பதினாலாவது ஊசியை என் கண்ணால் பார்ப்பேன். தாசில்தார் கத்தினால், கையில் என்ன வேலை இருந்தாலும் போட்டுவிட்டு எழுந்து போவேன். உன்னைத் தனியாக அனுப்பினேன், இவனை அனுப்ப மாட்டேன்.

அவன் பேரைக் கூப்பிடுகிறார்கள். போகிறேன்.

ஆறு நாளும் உன்கூட வராத,
உன் தங்கச்சி சரசு